கேட்கக் கற்றுக்கொடுக்க முடியுமா? தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் கேட்டல் திறன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஆசிரியர்களும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரியில் பதில் முடிந்துவிடும். சிலவற்றுக்கு நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

குழந்தை அசையாமல், சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தால் கவனித்துக் கேட்கிறது என்றுதானே அர்த்தம்?

அப்படிச் சொல்ல முடியாது. கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தபடி, மனதுக்குள் நேற்று பார்த்த கார்ட்டூனை ஓட்டிக்கொண்டிருக்கும் குழந்தைகளை எனக்கு நன்றாகத் தெரியும். பென்சிலை உருட்டிக்கொண்டே நான் சொன்னதை வரி விடாமல் திருப்பிச் சொல்லும் குழந்தைகளையும் தெரியும். உடம்பு அடங்கியிருப்பது வெளியே தெரிகிறது. கேட்பது உள்ளே நடக்கிறது, அதனால் நாம் தெரிகிறதை வைத்துத் தெரியாததை முடிவு செய்துவிடுகிறோம்.

2009இல் ஜாக்கி ஆண்ட்ரேட் என்ற உளவியலாளர் 40 பேருக்குச் சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிச் செய்தியைக் கேட்கக் கொடுத்தார். அவர்களில் பாதிப் பேர் கேட்டுக்கொண்டே தாளில் இருந்த வடிவங்களுக்குள் கிறுக்கி நிரப்பினார்கள். பிறகு சோதித்தபோது, சும்மா உட்கார்ந்து கேட்டவர்களைவிடக் கிறுக்கியவர்கள் 29 சதவீதம் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். அது பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வு, குழந்தைகளுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்த பிறகு, கதை நேரத்தில் குழந்தைகளின் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்குவதை நிறுத்திவிட்டேன்.

உள்ளே என்னதான் நடக்கிறது? இரண்டு வாக்கியம் சொல்கிறேன். "பையை மாட்டிக்கொண்டு அவன் வாசலுக்கு ஓடினான். வண்டி போய்விட்டிருந்தது." தாமதமாகிவிட்டது என்று இதில் எங்கேயும் சொல்லவில்லை. அவனுக்கு வருத்தம் என்றும் இல்லை. கேட்கிற குழந்தை அந்த இரண்டையும் தானே போட்டு நிரப்பிக்கொள்கிறது. ஒலியைப் பிரித்து, சொல்லாக்கி, முன்னால் கேட்டதோடு முடிச்சுப் போட்டு, சொல்லாததை ஊகிக்கிற அந்த வேலைக்குத்தான் கேட்டல் என்று பெயர்.

காது நன்றாக இருந்தால் கேட்டல் தானாக வந்துவிடாதா? பேச்சு தானாகத்தானே வந்தது?

வீட்டுப் பேச்சைக் கேட்கிற திறன் தானாக வரும். "அதை எடுத்துட்டு வா" என்று அம்மா சொல்லும்போது அந்தப் பொருள் கண்ணெதிரே இருக்கிறது, கையும் அந்தப் பக்கம் நீள்கிறது. வகுப்பறையில் ஒருவர் முப்பது பேரைப் பார்த்து, அங்கே இல்லாத ஒன்றைப் பற்றி, பத்து நிமிடம் பேசுகிறார். இது குழந்தைக்குப் புது வேலை. புது வேலையைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

படிப்பிலும் இதன் பங்கு பெரிது. பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதிக் காட்டினார்கள்: எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் மறுபக்கம். இரண்டையும் பெருக்கினால் வருவது படித்துப் புரிந்துகொள்ளும் திறன். பெருக்கல் என்பதால் எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்.

"சரளமாகப் படிக்கிறாள், ஆனால் என்ன படித்தாய் என்றால் முழிக்கிறாள்" என்று வரும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இதுதான். அவள் படித்த அதே பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், பிறகு கேள்வி கேளுங்கள். காதால் கேட்டும் புரியவில்லை என்றால் இன்னும் நூறு பக்கம் படிக்க வைத்துப் பயனில்லை. சொல்வளமும் கேட்டலும்தான் அங்கே கவனிக்க வேண்டியவை.

"புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பே "புரிந்தது" என்கிறது. வேலை கொடுத்தால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. பொய் சொல்கிறார்களா?

பொய் இல்லை. தங்களுக்குப் புரியவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. இதை முதலில் அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது, பல நாள் கோபமும் அதோடு போய்விட்டது.

எல்லன் மார்க்மன் என்ற உளவியலாளர் 1977இல் ஒரு சோதனை செய்தார். ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்கு ஒரு சீட்டு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார். அதில் ஒரு "சிறப்புச் சீட்டு" வரும். அது எந்தச் சீட்டு என்பதை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டுவிட்டார். விளக்கத்தில் ஏதாவது குறை இருந்தால் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் ஓரளவு சீக்கிரம் "எது சிறப்புச் சீட்டு?" என்று கேட்டார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளில் பலர் எல்லாம் விளங்கியது போலவே இருந்தார்கள். விளையாடப் போனபோதுதான் அவர்களுக்குத் தடுக்கியது.

இதிலிருந்து எனக்கு இரண்டு பழக்கங்கள் வந்தன. முதலாவது, "புரிந்ததா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "முதல் படியைச் செய்து காட்டுங்கள்" என்கிறேன். செய்யும்போதுதான் ஓட்டை எங்கே என்று குழந்தைக்கே தெரிகிறது.

இரண்டாவது, குறையுள்ள கட்டளைகளை வேண்டுமென்றே கொடுக்கிறேன். "எல்லாரும் நோட்டில் அதை வரையுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்பேன். தொடக்கத்தில் குழந்தைகள் எதையோ வரைய ஆரம்பிப்பார்கள். இரண்டு மூன்று நாளில் ஒரு குரல் வரும்: "எதை டீச்சர்?" அந்தக் கேள்விக்கு வகுப்பு முழுக்கக் கேட்கும்படி நன்றி சொல்வேன். அப்புறம் குறையை இன்னும் நுணுக்கமாக ஒளித்து வைப்பேன். "பெரிய வட்டத்துக்குள் சின்ன வட்டம், அதற்குப் பக்கத்தில் சதுரம்." பக்கத்தில் என்றால் உள்ளேயா, வெளியேயா? இதைப் பிடிக்கிற குழந்தை மிக நன்றாகக் கேட்கிற குழந்தை.

புரியவில்லை என்று சொல்ல வார்த்தையும் வேண்டும். அது மூன்று வகை. காதில் விழாவிட்டால், "இன்னொரு தடவை சொல்லுங்கள்." சொல் புதிதாக இருந்தால், "அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" நடுவில் இழை அறுந்துவிட்டால், "வட்டம் வரைக்கும் புரிந்தது, அதற்கப்புறம் விட்டுப்போச்சு." மூன்றையும் வெவ்வேறாகச் சொல்லப் பழக்குகிறேன், ஏனென்றால் மூன்றுக்கும் நான் செய்ய வேண்டிய உதவி வேறு.

என் ஆரம்ப ஆண்டுகளில் ஒரு சிறுவன் எழுந்து "மறுபடி சொல்லுங்க" என்றபோது, "சொல்லும்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்று கேட்டுவிட்டேன். அந்த ஆண்டு முடியும்வரை அவன் என்னிடம் எதையும் கேட்கவில்லை. வகுப்பில் மற்றவர்களும் குறைத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தின் விலை எனக்கு இன்றும் மறக்கவில்லை.

ஒரே மூச்சில் எத்தனை கட்டளைகள் சொல்லலாம்?

ஒன்றாம் வகுப்பில் இரண்டு, நான்கு ஐந்தாம் வகுப்பில் மூன்று. என் அனுபவத்தில் இது பத்திரமான கணக்கு. கேட்டதை மனதில் பிடித்து வைத்துக்கொண்டே அதன்படி வேலை செய்கிற நினைவு சிறு வயதில் குறைவாக இருக்கும், வயது ஏற ஏறத்தான் பெருகும். ஒரே வயதுக் குழந்தைகளுக்குள்ளும் இதில் பெரிய வித்தியாசம் உண்டு. "நோட்டை எடுத்து, தேதி போட்டு, ஓரத்தில் கோடு இழுத்து, முதல் கணக்கைப் போட்டுவிட்டு என்னிடம் காட்டுங்கள்" என்றால், நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கிற குழந்தை சோம்பேறி இல்லை. அதன் கை நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். படிகள் நிறைய இருந்தால் கரும்பலகையில் சின்னப் படங்களாகப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, சொல்கிற வரிசையும் செய்கிற வரிசையும் ஒன்றாக இருக்கட்டும். "எழுதத் தொடங்கும் முன், தேதி போட்ட பிறகு, கோடு இழுங்கள்" என்பது பெரியவர்களுக்கே ஒரு நொடி பிடிக்கும்.

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லலாமா?

குழந்தை கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். யாரும் கேட்காமலே மூன்று தடவை சொல்கிற பழக்கம்தான் கெடுதல். மூன்றாவது தடவை கேட்டால் போதும் என்று குழந்தைகள் கற்றுக்கொண்டுவிடுவார்கள், அது அவர்களின் புத்திசாலித்தனம். நான் பேசத் தொடங்கும் முன் ஒரு அடையாளம் வைத்திருக்கிறேன்: இரண்டு கைதட்டல், பிறகு மூன்று நொடி மௌனம். அந்த மௌனம் முடிவதற்குள் பேசினால் முதல் வாக்கியம் வீண்.

ஒரு மாணவர் சொன்ன பதிலை ஆசிரியர் உரக்கத் திருப்பிச் சொல்வதும் இதே போலத்தான். ஆசிரியர் எப்படியும் சொல்வார் என்றால் அந்த மாணவர் பேசும்போது யார் கேட்பார்கள்?

"என்னைப் பார்த்துக்கொண்டே கேள்" என்று சொல்ல வேண்டுமா?

நீங்கள் பேசும்போது உங்கள் பக்கம் திரும்பியிருப்பது உதவும். உதட்டசைவும் முகபாவமும் புரிதலுக்குத் துணை. ஆனால் நீங்கள் கேள்வி கேட்ட பிறகு குழந்தை கூரையைப் பார்த்தால் விட்டுவிடுங்கள். அது யோசிக்கிறது. கடினமான கேள்விக்குப் பதில் தேடும்போது முகத்திலிருந்து பார்வையை விலக்குவது பெரியவர்களிடமும் எட்டு வயதுக் குழந்தைகளிடமும் இயல்பாக இருப்பதை உளவியலாளர் க்வினெத் டோஹர்ட்டி ஸ்னெடனும் அவர் குழுவினரும் காட்டியிருக்கிறார்கள். ஐந்து வயதுக் குழந்தைகளிடம் இது குறைவு. யோசிக்கும்போது பார்வையை விலக்கச் சொல்லிப் பழக்கியபோது அந்தச் சின்னக் குழந்தைகளின் பதில்கள் மேம்பட்டன. நாம் செய்வதோ நேர் எதிர்: "அங்கே என்ன எழுதியிருக்கு? இங்கே பார்!"

ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்கு முகத்தைப் பார்ப்பதே பெரிய உழைப்பு. பார்க்கவும் கேட்கவும் ஒரே நேரத்தில் கட்டாயப்படுத்தினால் இரண்டாவது போய்விடும்.

கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருப்பது?

குறைந்தது மூன்று விநாடி. சுலபம் போலத் தெரிகிறது, முயன்று பாருங்கள். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் நூற்றுக்கணக்கான வகுப்புப் பதிவுகளைக் கேட்டுப் பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, பதிலே வராமல் போவது குறைந்தது, மெதுவாகக் கற்பவர்கள் என்று கருதப்பட்டவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

அவர் இரண்டு இடைவெளிகளைச் சொன்னார். கேள்விக்குப் பின் ஒன்று. குழந்தை பதில் சொல்லி முடித்த பின் இன்னொன்று. இரண்டாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஒரு குழந்தை "தண்ணி ஆவியாகிடும்" என்று நிறுத்துகிறது. உடனே "சபாஷ்" என்று நான் சொன்னால் கதை முடிந்தது. மூன்று விநாடி பொறுத்தால், "ஆனா மூடி வச்சா ஆகாது" என்று தானே சேர்க்கும். பக்கத்தில் இருக்கும் குழந்தையும் அந்த இடைவெளியில்தான் கேட்டதை அசைபோடுகிறது.

தமிழில் கேட்பதற்கென்று தனியாக ஏதாவது பழக்க வேண்டுமா?

ஆமாம், இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

எல்லோருக்கும் தெரிந்தது ஒலி வேறுபாடு. குறில் நெடில் மாறினால் பொருள் மாறும்: பல், பால், படம், பாடம், எரி, ஏரி, கொடு, கோடு. லகர ளகர ழகர வேறுபாடும் அப்படியே: மலை, மழை, வலி, வழி, வால், வாள், வாழ். ஜோடிச் சொற்களைச் சொல்லி "ஒன்றா, வேறா?" என்று கேட்கும் விளையாட்டு ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் பேச்சில் ழகரத்தை வேறு மாதிரி ஒலிக்கும் வீட்டிலிருந்து வருகிற குழந்தைக்கு அந்த வேறுபாடு காதில் விழவே நாளாகும். அதைத் தவறு என்று சொல்லாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்க வையுங்கள்.

அதிகம் பேசப்படாதது வாக்கியத்தின் முடிவு. தமிழ் வாக்கியத்தில் முடிவைச் சொல்கிற வினை கடைசியில்தான் வரும். "சிவப்புப் பென்சிலை எடுத்துப் பைக்குள் போடு" என்றால் ஒன்று, "போடாதே" என்றால் நேர் எதிர். "போட்டால்" என்றால் வாக்கியம் இன்னும் முடியவே இல்லை. "போட்டாயா" என்றால் வேலை எதுவும் இல்லை, பதில்தான் வேண்டும். பாதி வாக்கியத்திலேயே பென்சிலைத் தூக்கிய குழந்தை நான்கில் மூன்று தடவை தவறு செய்யும். அவசரக்காரக் குழந்தை என்று நாம் பெயர் வைத்துவிடுகிறோம்.

இதற்காக ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். பெயர் கடைசிச் சொல். "கையைத் தூக்கு." தூக்க வேண்டும். "கையைத் தூக்காதே." சும்மா இருக்க வேண்டும். "கையைத் தூக்கினால்…" என்று இழுத்து நிறுத்துவேன், அசையாமல் காத்திருக்க வேண்டும். "கையைத் தூக்கச் சொன்னேனா?" என்றால் "இல்லை" என்று கத்த வேண்டும். வேகம் கூட்டக் கூட்டச் சிரிப்பு தாங்காது. இரண்டு வாரம் விளையாடிய பிறகு, கணக்குப் பாடத்திலும் குழந்தைகள் வாக்கியம் முடியும்வரை கையை அடக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, எழுத்துத் தமிழ். பேசுகிற தமிழும் பாடநூல் தமிழும் குழந்தையின் காதில் கிட்டத்தட்ட இரண்டு மொழிகள். "வந்துட்டாங்க" என்பதைக் கேட்டு வளர்ந்த காது "வந்துவிட்டார்கள்" என்பதை ஒரு கணம் தாமதித்துத்தான் பிடிக்கும். தினமும் ஒரு பத்தியை எழுத்துத் தமிழில் வாசித்துக் காட்டினால் அந்தக் காது பழகும். குழந்தை அதைத் தன் பேச்சில் திருப்பிச் சொல்லட்டும். "எழுத்து மாதிரி சொல்லு" என்று அப்போது திருத்தினால் கேட்டதைப் பற்றிய யோசனையே அறுந்துபோகும்.

கேட்டலுக்கு எந்த விளையாட்டு நல்லது?

ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், மறைப்பு விளையாட்டு. இரண்டு குழந்தைகளுக்கு நடுவே ஒரு பெரிய புத்தகத்தை நிமிர்த்தி வையுங்கள். இருவரிடமும் ஒரே மாதிரியான பொருட்கள்: ஒரு ரப்பர், இரண்டு பென்சில், ஒரு மூடி, ஐந்து பட்டன். ஒரு குழந்தை தன் பக்கம் எதையாவது அடுக்கி, எப்படி அடுக்கியிருக்கிறது என்று வார்த்தையால் சொல்ல வேண்டும். மறு குழந்தை கேட்டு அதே மாதிரி அடுக்க வேண்டும். கேள்வி கேட்கலாம். எட்டிப் பார்க்கக் கூடாது. கடைசியில் மறைப்பை எடுத்துவிட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

இதில் மதிப்பெண் போட ஆசிரியர் தேவையில்லை, மேசையே சொல்லிவிடும். "இங்கே வை" என்பது பயன்படாது என்று சொல்பவருக்குப் புரிகிறது. "மூடிக்கு இடதுபக்கமா, உன் இடதா என் இடதா?" என்று மறுபக்கக் குழந்தை கேள்வி கேட்கத் தொடங்குகிறது. முன்னே சொன்ன, புரியவில்லை என்று கண்டுபிடிக்கிற திறன் இங்கே யாரும் போதிக்காமலே வளர்கிறது. தப்பாக வந்தால் "யார் தப்பு?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்தில் பிரிந்தது?" என்று இருவரையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள்.

பெரிய வகுப்புகளுக்கு இன்னொன்று. ஐந்தாறு வாக்கியங்கள் உள்ள ஒரு பத்தியை இயல்பான வேகத்தில் இரண்டு தடவை வாசியுங்கள். குழந்தைகள் முக்கியமான சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளலாம். பிறகு நான்கு பேராகச் சேர்ந்து, அந்தப் பத்தியைத் தங்கள் வாக்கியங்களில் திரும்பக் கட்ட வேண்டும். சொல்வதெழுதுதலில் காதும் கையும் ஓட, மனம் எங்கோ இருக்க முடியும். இதில் முடியாது, பொருள் பிடிபடாமல் ஒரு வாக்கியமும் கட்ட வராது.

காதோடு காது செய்தி கடத்துகிற விளையாட்டை நான் விட்டுவிட்டேன். குழப்பத்தில்தான் அதன் சிரிப்பு இருக்கிறது, நன்றாகக் கேட்டவருக்கு அங்கே இடமில்லை. காது சற்று மந்தமான குழந்தை ஒவ்வொரு முறையும் அகப்பட்டுக்கொள்ளும்.

கதை சொல்லும்போது நடுவில் கேள்வி கேட்கலாமா?

இரண்டு மூன்று இடத்தில் கேட்கலாம். பக்கத்துக்குப் பக்கம் கேட்டால் கதை செத்துவிடும். "நாயின் நிறம் என்ன?" போன்ற கேள்விகள் வேண்டாம். "இப்போது அவள் என்ன நினைக்கிறாள்? எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். அந்த இரண்டாவது பாதி முக்கியம், குழந்தை காதில் விழுந்ததைத் தேடிப் போகும். சில நாள் எந்தக் கேள்வியும் இல்லாமல் வெறுமனே வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். அதுவும் பாடம்தான்.

ஒலிக்கதை, வீடியோ போட்டால் போதாதா?

ஒலிக்கதை நல்லது, குறிப்பாகப் படம் இல்லாத ஒலிக்கதை, ஏனென்றால் படத்தைக் குழந்தையே வரைந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் இயந்திரம் குழந்தையின் முகத்தைப் பார்த்து வேகத்தைக் குறைக்காது. "எதை?" என்று கேட்டால் பதில் சொல்லாது. வீடியோவில் கண் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவதால் அதைக் கேட்டல் பயிற்சியாக நான் கணக்கில் வைப்பதில்லை.

பின்வரிசைக் குழந்தைகள் எப்போதும் கவனிப்பதில்லை. ஏன்?

முதலில் நீங்கள் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, வேறொருவரை முன்னால் பேசச் சொல்லிக் கேளுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவரும் தரையும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் சத்தம் அவ்வளவு குறைவதில்லை, ஆனால் சொல்லும் எதிரொலியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும். பெரியவர்களுக்கு விட்டுப்போன பாதிச் சொல்லை ஊகிக்க முடியும். இரைச்சலுக்குள் பேச்சைப் பிரித்தெடுக்கும் திறன் பதின்வயது வரை வளர்ந்துகொண்டே இருப்பது, அதனால் நமக்குச் சுமாராகக் கேட்கும் அறை ஆறு வயதுக் குழந்தைக்கு மோசமான அறை.

அமெரிக்காவில் 2002இல் வந்த வகுப்பறை ஒலித்தர நெறி, சாதாரண அளவுள்ள காலி வகுப்பறையில் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது, எதிரொலி 0.6 விநாடிக்குள் அடங்க வேண்டும் என்கிறது. ஆசிரியர் குரல் பின்னணிச் சத்தத்தைவிட 15 டெசிபல் மேலே இருக்க வேண்டும் என்பது செவியியலாளர்களின் பரிந்துரை. கருவி இல்லாமல் செய்யக்கூடியவை பல: சத்தமிடும் மின்விசிறியைச் சரிசெய்வது, கதவைச் சாத்துவது, சுவரில் துணி தொங்கவிடுவது, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் போடுவது, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது. எல்லாவற்றையும்விட எளிது, நடந்து போய்ப் பின்வரிசையில் நின்று பேசுவது.

ஒரு குழந்தைக்குக் காதிலேயே பிரச்சினை இருக்குமோ என்று எப்போது சந்தேகப்பட வேண்டும்?

சில நாள் நன்றாகக் கேட்டு, சில நாள் கூப்பிட்டாலும் திரும்பாமல் இருந்தால். அடிக்கடி "ஆங்?" என்றால். பக்கத்துக் குழந்தை செய்வதைப் பார்த்த பிறகே தான் செய்தால். ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்டால். சளி பிடித்த பிறகு கவனம் குறைந்துபோனால்.

இந்த வயதில் நடுக்காதில் நீர் கோர்ப்பது மிகச் சாதாரணம். பெரும்பாலும் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. காதில் விரலை வைத்துக்கொண்டு கேட்பது போல எல்லாம் மங்கலாகக் கேட்கும். பல குழந்தைகளுக்குச் சில மாதங்களில் தானே வடிந்துவிடும், ஆனால் அந்த மாதங்களின் பாடம் போய்விடும். சந்தேகம் வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிச் செவிச் சோதனை செய்துவிடுங்கள். "இவன் கவனிப்பதே இல்லை" என்று அறிக்கையில் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியது இது.

என் வகுப்பில் நான் பேசினால் கேட்கிறார்கள், ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்பதில்லை.

கேட்க அவர்களுக்குக் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். "உன் நண்பர் சொன்னதை நீ வகுப்புக்குச் சொல்லு" என்ற ஒரு விதி போதும். இருவராகப் பேசவிட்டு, பிறகு தன் கருத்துக்குப் பதிலாகத் தன் ஜோடியின் கருத்தைச் சொல்லச் சொல்லுங்கள். "நான் சொன்னது அது இல்லை" என்று ஜோடி திருத்தலாம்.

வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தை வகுப்பில் பேசவே இல்லை. கேட்கிறதா என்று எப்படித் தெரியும்?

சில மாதங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது அந்தக் குழந்தைகளிடம் அடிக்கடி காண்பது. பேசச் சொல்லாமல் செய்யச் சொல்லுங்கள்: படத்தைக் காட்டு, பொருளை எடு, வரிசைப்படுத்து. செய்கை சரியாக வந்தால் மொழி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்த மொழியில் நீளமான கதை கேட்டுப் பழகிய குழந்தை இந்த மொழியிலும் கதையின் போக்கைப் பிடிக்கும்.

கேட்டலுக்குத் தேர்வு வைக்கலாமா?

மதிப்பெண் போடும் தேர்வு வேண்டாம். பெரும்பாலான கேட்டல் தேர்வுகள் நினைவையும் எழுத்து வேகத்தையும் அளந்துவிட்டுக் கேட்டல் என்று பெயர் போடுகின்றன. கேட்டதைப் படமாக வரையட்டும், பொருளால் செய்து காட்டட்டும், வாயால் சொல்லட்டும். நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். நாளுக்கு மூன்று குழந்தைகளை மட்டும் கவனித்து ஒரு வரி எழுதுவேன். "இரண்டு படி பிடித்தாள், மூன்றாவது கேட்டு வாங்கினாள்." இந்த வரியில் நான் மகிழ்வது "கேட்டு வாங்கினாள்" என்ற இடத்தில்.

வீட்டில் ஐந்து தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறான். என்ன செய்வது?

விளையாட்டில் ஆழ்ந்திருக்கும் குழந்தைக்கு அடுத்த அறையிலிருந்து வரும் குரல் உறைக்காது. வேண்டுமென்று செய்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, பெயர் சொல்லி, திரும்பிய பிறகு ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். நடக்கிற தூரம் பத்து அடி, மிச்சமாவது நான்கு தடவைக் கத்தல்.

அப்புறம் ஒரு கேள்வியை நான் திருப்பிக் கேட்பதுண்டு. அவன் பேசும்போது உங்கள் கண் எங்கே இருக்கிறது? போனைப் பார்த்துக்கொண்டே "ம், சொல்லு" என்று நாம் சொல்வதுதான் கேட்பதற்குக் குழந்தை அறிந்த மாதிரி என்றால், அதையே நமக்குத் திருப்பித் தரும். ஒரு நாளில் பத்து நிமிடம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு, திருத்தாமல், அறிவுரை சொல்லாமல், அது சொல்ல வந்ததை முழுக்கச் சொல்ல விடுங்கள். முடிவில் "அப்போ அவன் உன் பந்தை எடுத்ததைவிட, கேட்காமல் எடுத்ததுதான் உனக்குக் கோபம், இல்லையா?" என்பது போல நீங்கள் புரிந்துகொண்டதைச் சொல்லிப் பாருங்கள். தவறாக இருந்தால் திருத்தும்.

எத்தனை நாளில் மாற்றம் தெரியும்?

தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் கொடுத்தால் ஒரு பருவத்துக்குள் தெரியும். ஆனால் வகுப்பு அமைதியாகிவிட்டதா என்று பார்த்தால் ஏமாறுவீர்கள். என் அனுபவத்தில் முதல் மாற்றம் சத்தமாகத்தான் வரும். போன ஆண்டு, ஆறு மாதமாக வாயே திறக்காத ஒரு சிறுமி, நான் வேகமாக ஒரு கட்டளையைச் சொல்லி முடித்ததும் எழுந்து நின்றாள். "டீச்சர், கோட்டுக்கு மேல எழுதணுமா, கீழ எழுதணுமா? நீங்க சொல்லல." நான் சொல்லவில்லைதான். இருபத்தெட்டுப் பேர் ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருந்தார்கள்.